அறுபதாயிரத்தில் ஒரு கணினி



என் தங்கை முடிச்சூரில் இருக்கிறாள். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் வெள்ளம் அவள் வீட்டுக்குள் புகுந்தபோது, கூடத்தில் தரைமீது வைத்திருந்த பழைய கணினி நீரில் மூழ்கிப்போயிற்று. அதன்பின் ஏழரை ஆண்டுக் காலம் அந்த வீட்டில் கணினி என்று ஒன்று இல்லை. ஏழரை என்றவுடன் உங்கள் பாட்டிமார் வேறொன்றை நினைத்துக்கொள்வார்கள். நான் கணக்கைத்தான் சொல்கிறேன்.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவள் கட்டிவந்த சீட்டு முடிந்து 60,000 ரூபாய் கைக்கு வந்தது. அவள் மகன் பொறியியற் கல்லூரியில் முதலாண்டை முடித்திருந்தான். கணினி விளையாட்டில் அவனுக்குள்ள ஆசையை அவள் அறியாதவள் அல்லள். “அண்ணா, படிப்புக்கும் ஆகவேண்டும், அவன் ஆட்டத்துக்கும் ஆகவேண்டும். இதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை. நீங்கள் கூடப் போய் வாங்கித் தாருங்கள்” என்றாள்.

சேலையூரில் ஓய்வாக இருக்கும் இயற்பியல் ஆசிரியன் நான். இளமையில், தாம்பரத்தில் மீட்டர் கேஜ் மின்சார ரயிலேறிச் சென்று, ரிச்சி தெருவில் டிரான்சிஸ்டர்களும் கண்டென்சர்களும் வாங்கிவந்து, வீட்டிலேயே வானொலிப் பெட்டி கூட்டியவன். வானொலிக்கு உதிரிப் பாகங்கள் விற்ற அந்தத் தெருவே பின்னாளில் கணினிப் பாகங்களுக்கும் பெயர் பெற்றது. ஆகவே தங்கை இட்ட வேலையை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன்.

பையன் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தான். அதன் தலைப்பில் ஆர்.டி.எக்ஸ். 3060 என்னும் கிராபிக்ஸ் கார்டு வீற்றிருந்தது. அன்றைய விலை ஏறத்தாழ 27,500 ரூபாய். அதற்கு இடம் கொடுப்பதற்காக மற்றவையெல்லாம் ஒடுங்கி நின்றன. நினைவகம் 8 ஜி.பி. மட்டும். பவர் சப்ளை, பெயர் தெரியாத ஒன்று, 1,000 ரூபாய். யு.பி.எஸ். கிடையாது. “மாமா, ஆட்டத்துக்கு எல்லாம் கார்டுதானே? மற்றவை எப்படி இருந்தால் என்ன?” என்று கேட்டான்.

இந்தக் கேள்வி அவனுடையது மட்டும் அன்று. கையில் அளவான பணத்தோடு கணினி கூட்டப் புறப்படும் இளைஞர் பலரும் இதைத்தான் கேட்கிறார்கள். அதில் பாதி உண்மை இருப்பதனால்தான் அது ஏமாற்றுகிறது.

நான் அவனைத் திருப்பிக் கேட்டேன்: “எந்தத் திரையில், எந்த ஆட்டம் ஆடப்போகிறாய்?”

திரையிலிருந்து தொடங்கவேண்டும் என்பது என் துணிபு. ஃபுல் எச்.டி. என்று வழங்கும் திரையில் குறுக்கே 1,920 புள்ளிகள், நெடுக்கே 1,080 புள்ளிகள். பெருக்கிப் பாருங்கள், 20,73,600 புள்ளிகள் வரும். விநாடிக்கு 60 படங்கள் வேண்டுமென்றால், கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு விநாடியிலும் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு மேல் நிறம் தீட்டியாகவேண்டும். 4கே என்னும் திரைக்குப் போனால் புள்ளிகள் சரியாக நான்கு மடங்கு. கார்டின் பாடும் ஏறத்தாழ அப்படியே பெருகும். எனவே பெரிய திரை வாங்கியவன் பெரிய கார்டும் வாங்கியே தீரவேண்டும். சிறிய திரையோடு மனநிறைவு கொள்பவனுக்குச் சிறிய கார்டு போதும். 8,000 ரூபாய்க்கு 24 அங்குல ஃபுல் எச்.டி. திரை கிடைக்கும் என்றதும், எங்கள் கணக்கில் பாதி முடிந்துவிட்டது.

அடுத்தது ஆட்டம். அவன் நண்பர்களோடு அன்றாடம் ஆடுவது வாலரன்ட். 2020இல் வந்த அந்த ஆட்டம், பழைய கணினிகளிலும் ஓடவேண்டும் என்றே எளிதாக அமைக்கப்பட்டது. அதில் கார்டுக்குப் பெரும் பாரம் இல்லை. பிராசசர்தான் விரைந்து உழைக்கவேண்டும். விடுமுறையில் ஆட விரும்பியது எல்டன் ரிங். கணினியில் அந்த ஆட்டம் விநாடிக்கு 60 படங்களுக்கு மேல் தீட்டுவதே இல்லை. அதை அமைத்தவர்கள் அவ்வாறு வரம்பு கட்டியிருக்கிறார்கள். 27,500 ரூபாய்க் கார்டானாலும் அந்த வரம்பைத் தாண்டாது.

இரண்டு உறுப்புகளும் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் முறையை இங்கே சொல்லவேண்டும். ஆட்டத்தில் யார் எங்கே நிற்கிறார், சுட்ட குண்டு எங்கே பாய்ந்தது என்று கணக்கிடுவது பிராசசர். அந்தக் கணக்கை வாங்கி ஓவியமாகத் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டு. ஒன்று பிந்தினால் மற்றது கைகட்டிக் காத்திருக்கும். பொங்கலுக்கு முதல்நாள் இரவு பெருங்களத்தூரைக் கடந்து ஊருக்குப் போனவர்களுக்கு இதை விளக்கவேண்டுவதில்லை. அப்பால் சாலை எத்தனை அகலமாக இருந்து என்ன? வண்டிகள் நெருக்கடியைத் தாண்டும் வேகமே பயணத்தின் வேகம்.

இவ்வாறு எண்ணிப் பார்த்து, ரேடியான் ஆர்.எக்ஸ். 6600 என்னும் கார்டையும், இன்டெல்லின் கோர் ஐ3-12100எஃப் என்னும் பிராசசரையும் தேர்ந்தோம். முன்னது 20,500 ரூபாய், 8 ஜி.பி. நினைவகம் அதிலேயே உண்டு. பின்னது 8,500 ரூபாய். நான்கு உள்ளகங்கள் கொண்டது. மதர்போர்டு 6,500 ரூபாய். நாளைக்கு அவன் சம்பாதிக்கும் காலத்தில், பெரிய பிராசசர் ஒன்றை அதே மதர்போர்டில் வைத்துக்கொள்ளலாம். 2022இல் வெளிவந்த ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 என்னும் அமைப்பு இன்னும் நெடுங்காலம் வளர இடந்தரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு டி.டி.ஆர்.5 நினைவகம் கட்டாயம். மதர்போர்டின் விலையும் கூடுதல். சீட்டுப் பணத்தில் அது அடங்காது.

இப்போது பவர் சப்ளைக்கு வருகிறேன். பலரும் எண்ணாமல் கடந்துபோகும் இடம் இதுதான். நானும் ஒருகாலத்தில் அவ்வாறே கடந்தேன். 2008இல் நான் வாங்கிய கணினியில், பெட்டியோடு சேர்த்து இலவசமாகவே ஒரு பவர் சப்ளை கொடுத்தார்கள். ஒரு கோடைக்கால இரவில் மின்சாரம் போய்த் திரும்பி வந்தது. ‘பட்’ என்று ஓர் ஓசை. பிறகு கருகிய நெடி. மதர்போர்டும் ஹார்டு டிஸ்கும் அதோடு போயின. மறுவாரம் கல்லூரியில் கொடுக்கவேண்டிய என் மகளின் ஆய்வுக் கட்டுரை அந்த டிஸ்கில் இருந்தது. விற்றவரை நொந்து பயன் என்ன? இலவசம் என்றதும் மகிழ்ந்தவன் நான்தானே!

நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட் மாறுமின்னோட்டம். கணினிக்கு வேண்டியது பெரும்பாலும் 12 வோல்ட் நேர்மின்னோட்டம். இந்த மாற்றத்தைச் செய்வதுதான் பவர் சப்ளையின் வேலை. அதன்மேல் ‘450 வாட்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். அதை நம்பவேண்டாம். பக்கத்தில் ஒட்டியுள்ள அட்டவணையில் 12 வோல்ட் வழியில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். கடையில் பையன் கண்வைத்திருந்த பெட்டியில் 15 ஆம்பியர் என்று இருந்தது. பன்னிரண்டைப் பதினைந்தால் பெருக்கினால் 180 வாட், பள்ளிக்கூடத்துக் கணக்குதான். நாங்கள் தேர்ந்த கார்டு 132 வாட் கேட்கும்; பிராசசர் உச்சத்தில் 89 வாட் கேட்கும். இரண்டும் சேர்ந்தால் 221. அவன் முதலில் ஆசைப்பட்ட கார்டோ தனியாகவே 170 வாட் கேட்பது. அதாவது, அவனுடைய பட்டியல், பெரிய பாரத்தை நோஞ்சான் மாட்டின்மேல் ஏற்றியிருந்தது.

அவன் தாளை எடுத்துத் தானே ஒருமுறை பெருக்கிப் பார்த்தான். பிறகு ஒன்றும் பேசாமல் அந்த வரியை அடித்தான். எனக்கு அது போதுமாயிருந்தது.

12 வோல்ட் வழியில் 40 ஆம்பியருக்கு மேல் தரக்கூடிய, ‘80 பிளஸ்’ முத்திரை பெற்ற 550 வாட் பவர் சப்ளையை 4,000 ரூபாய்க்கு வாங்கினோம். அந்த முத்திரை, வாங்கும் மின்சாரத்தில் குறைந்தது நூற்றுக்கு 80 பங்கைப் பயன்படும் வகையில் திருப்பித் தருகிறது என்பதைக் குறிப்பது. வேறு காப்புகளுக்கு அது உறுதியன்று. ஆதலின் மின்னழுத்தம் எகிறினாலும், கம்பிகள் ஒன்றையொன்று தொட்டாலும் தானே அணைந்துகொள்ளும் ஏற்பாடு உண்டா என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டோம். 2,800 ரூபாய்க்கு 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்றும் சேர்ந்தது. மின்சாரம் போனால் அதை வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடர முடியாது; எழுதிய பாடத்தைச் சேமித்துவிட்டு ஒழுங்காக அணைக்கலாம். மழைக்காலத்தில் நம் தென்புறநகரங்களில் குடியிருப்பவர்களுக்கு அந்தச் சில நிமிடங்களின் அருமை தெரியும்.

நினைவகம் 16 ஜி.பி., 3,300 ரூபாய். அதை 8 ஜி.பி. துண்டுகள் இரண்டாக வாங்கினோம். இரண்டு துண்டுகள் இருந்தால், கிணற்றில் இரண்டு வாளிகளால் நீர் இறைப்பதுபோல, பிராசசர் இரு வழியாலும் செய்திகளை எடுத்துக்கொள்ளும். மதர்போர்டில் இருந்த இரண்டு இடங்களும் நிரம்பிவிட்டன என்பது இதிலுள்ள குறை. அதைத் தெரிந்தே செய்தோம். 2025இன் இறுதியில், செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் தேவை பெருகி நினைவகத்தின் விலை தாறுமாறாக ஏறியபோது, முன்பே வாங்கியது நல்லதாயிற்று என்று பையன் சொன்னான். இதனால் ஒன்று தெரிகிறது: நான் சொல்லும் விலைகளெல்லாம் அந்த ஜூன் மாதத்து விலைகள், கணக்கிடும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. 2,700 ரூபாய். இடம் போதாவிட்டால் பின்னால் இன்னொன்று சேர்க்கலாம். விண்டோஸ் உரிமம் அவன் கல்லூரி வழியாகக் கிடைத்தது. இல்லையேல் அதற்கும் ஒரு தொகை ஒதுக்கியிருக்கவேண்டும்.

ஒரு சனிக்கிழமை காலையில் தாம்பரத்தில் ரயிலேறிக் கிண்டியில் இறங்கி, மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையம் சென்று, அங்கிருந்து நடந்தோம். ரிச்சி தெரு நான் இளமையில் கண்டதுபோலவே நெருக்கமாக இருந்தது. பலகைகளில் எழுதியிருந்த பெயர்கள்தாம் மாறியிருந்தன. ஒரு கடையில், முன்பு யாரோ பயன்படுத்திய கார்டு ஒன்றைப் பாதி விலைக்குக் காட்டினார்கள். எதீரியம் என்னும் மெய்நிகர் நாணயம் 2022 செப்டம்பரில் தன் முறையை மாற்றிக்கொண்டது. அதுவரை அந்த நாணயத்துக்காக இரவும் பகலும் உழைத்த கார்டுகள் அதன்பின் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அவற்றுள் நல்லவையும் உண்டு. ஆனால் கெட்டால் மறுபடி வாங்க வசதியற்றவர்கள் அதில் இறங்கலாகாது என்பது என் கருத்து. பையனுக்கு மனமில்லை, ஆயினும் வந்துவிட்டான். ஒவ்வொரு பொருளுக்கும் வரியோடு கூடிய ரசீது வாங்கி, பெட்டியிலுள்ள எண்ணும் ரசீதிலுள்ள எண்ணும் ஒன்றா என்று அவனே சரிபார்த்தான். ரசீது வேண்டாம் என்றால் விலை குறைப்பதாக ஒருவர் சொன்னார். அந்தக் குறைப்பு, மூன்றாண்டு உத்தரவாதத்துக்கு நாம் கொடுக்கும் விலை.

பெட்டி எனப்படும் கேபினெட்டுக்கு 2,600 ரூபாய். முன்பக்கம் கண்ணாடி பதித்து வண்ண விளக்கு எரிவதை அவன் விரும்பினான். முன்பக்கம் வலையாக உள்ளதை நான் வாங்கச் சொன்னேன். மே மாதத்தில் நம் பக்கம் வெயில் 40 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. காற்றுப் புகாத பெட்டியில் கார்டு சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விலை கொடுத்து வாங்கிய வேகம் அவ்வாறு வீணாகும்.

விசைப்பலகையும் மவுசும் 1,000 ரூபாய். எல்லாம் சேர்ந்து 59,900. மிஞ்சிய 100 ரூபாயில் தேநீர் குடித்தோம். தங்கைக்குச் சில்லறையைக் கணக்குச் சொல்லிக் கொடுத்தோம்.

மறுநாள் வீட்டில் கூட்டினோம். பிராசசர் உட்காரும் இடத்தில் 1,700 நுண்ணிய ஊசிகள் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் மதர்போர்டு கெட்டது. என் கை நடுங்கும் என்று நான் ஒதுங்கிக்கொண்டேன். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு வைத்தான். மாலை நான்கு மணிக்கு விசையை அழுத்தினோம். விசிறிகள் சுழன்றன, திரையில் ஒன்றும் தெரியவில்லை. தங்கை சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருளை நான் விளக்கவேண்டியதில்லை. அரைமணி நேரம் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டினோம். பிறகு பையன் திடீரென்று சிரித்தான். திரையின் கம்பியை நான் மதர்போர்டில் செருகியிருந்தேன். நாங்கள் வாங்கிய பிராசசரின் பெயரில் உள்ள ‘எஃப்’ என்னும் எழுத்துக்கு, தனக்குள் படம் காட்டும் உறுப்பு இல்லை என்று பொருள். அவனுக்கு அதைக் கற்பித்தவனே நான்தான். கம்பியைக் கார்டுக்கு மாற்றியதும் படம் வந்தது.

பெட்டியைத் தரையில் வைக்காமல் மேசைமேல் வைக்கும்படி தங்கை சொன்னாள். அந்த ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் முடிச்சூரில் மறுபடியும் நீர் ஏறியது. இரவு தொலைபேசியில் பையனை அழைத்தேன். “மாமா, கவலைப்படாதீர்கள். கணினியை மாடி வீட்டில் வைத்துவிட்டேன். இப்போது அம்மாவின் மிக்சியையும் கிரைண்டரையும் எடுத்துக்கொண்டு போகிறேன்” என்றான். எதை முதலில் எடுத்தான் என்பதைப் பற்றித் தங்கை என்னிடம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள்.