சுழலாத புயல்

சுழலாமல், நேர்கோட்டில் பாய்ந்து வரும் புயல் ஒன்று அமெரிக்காவின் நடுச் சமவெளிகளில் உண்டு. டெரேச்சோ என்று பெயர்.

இடிமேகங்கள் வரிசை கட்டி வரும்போது, மழையில் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கும். தரையில் மோதி முன்னோக்கிச் சீறும். எதிரே இருக்கும் வெம்மையான ஈரக்காற்றை மேலே தள்ளும். அங்கே புது இடிமேகம் பிறக்கும். இப்படித் தனக்குத் தானே தீனி போட்டுக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும்.

2020 ஆகஸ்ட் 10, அயோவா மாநிலம். நண்பகல் கடந்த வேளையில் ஒரு டெரேச்சோ தாக்கியது. சீடர் ராப்பிட்ஸ் நகரில் காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 225 கிலோமீட்டரை எட்டியிருக்கும் என்று, சேதத்தை வைத்து வானிலைத் துறை கணித்தது. சில நிமிடத்தில் ஓயவில்லை. முக்கால் மணி நேரம் போல அடித்தது. ஒரு ஊர் முழுக்க அத்தனை நேரம் அதைத் தாங்கியிருக்கிறது! நகரத்து மரங்களில் பாதிக்கு மேல் போய்விட்டன. பல வீடுகளில் ஒரு வாரம் கடந்தும் விளக்கெரியவில்லை, அதுவும் கொரோனா காலத்தில்.

எனக்கு மனம் ஆறாதது மக்காச்சோளம்தான். அறுவடைக்குச் சில வாரமே இருக்க, லட்சக்கணக்கான ஏக்கரில் பயிர் படுத்துவிட்டது. அறுவடை இயந்திரம் எடுக்க முடியாத அந்தக் கதிர்களைப் பல விவசாயிகள் மண்ணோடு சேர்த்து உழுதார்கள்.