மலைச்சரிவில் ஒரு மனை



எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் முன்னோர் கூற்று. தனக்கென ஒரு துண்டு நிலம், அதன்மேல் தன்னுடையதென்று சொல்லத்தக்க ஒரு கூரை என்பது மனிதனின் மிக எளிய விருப்பம். ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பங்கள் பலவற்றுக்கு அவ்வெளிய விருப்பமே எட்டாக்கனியாக இருந்து வருகின்றது.

பதுளையிலிருந்து பண்டாரவளை, கொஸ்லந்தை நோக்கிச் செல்வோர் மலைகளின் பசுமையைக் கண்டு வியப்பர். அப்பசுமையின் நடுவே நீண்டு கிடக்கும் லயங்களை ஊன்றி நோக்குவோர் சிலரே. பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஒரு காம்பரா. அதன் முன்னே ஓர் இஸ்தோப்பு. அடுப்பும் தொட்டிலும் முதியோரின் படுக்கையும் அதற்குள்ளேயே அடங்கவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரை வேலைத்தலத்தின் அருகிலேயே தங்கவைக்கும் நோக்குடன் எழுந்தவை இவை. இவை தோட்டத்தின் உடைமை. குடியிருப்போரின் உடைமை அல்ல. தோட்டத்தில் பெயர் பதிந்திருக்கும் வரையில்தான் காம்பராவும் உண்டு என்பதே வழக்கமாயிற்று.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். எஞ்சியோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. இடையில் 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குச் சென்றது. தோட்டத்தின் தலைவர் மாறினர். காம்பராவில் வாழ்ந்தோரின் நிலை மாறவில்லை.

இந்நிலையின் கொடுமையை நாடு முழுவதும் கண்டுகொண்ட நாள் 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29. கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் அன்று காலை மலை சரிந்து லயங்களை மூடியது. முப்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் மறைந்தன. மண்ணுள் புதைந்தோர் பலரின் உடல்கள் மீட்கப்படவேயில்லை. காலையில் பள்ளிக்குச் சென்றதனால் உயிர் தப்பிய பிள்ளைகள், திரும்பி வர வீடின்றி நின்றனர்.

அம்மலைச்சரிவு அபாயமுடையது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. அவ்வாறாயின் மக்கள் ஏன் அங்கிருந்து அகலவில்லை என்று வினவுவோர் உளர். இவ்வினாவுக்கு விடை காணவேண்டுமாயின், அத்தகையதொரு குடும்பத்தின் நிலையில் நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். தாய் கொழுந்து பறிக்கிறாள். தந்தை நாட்கூலிக்குச் செல்கிறான். பிள்ளைகள் அருகிலுள்ள பள்ளியில் பயில்கின்றனர். இடத்தை விட்டு நீங்குங்கள் என்று ஒரு கடிதம் வருகிறது. எங்கே செல்வது என்று அக்கடிதம் சொல்லவில்லை. விற்பதற்கு நிலமில்லை, அடகு வைப்பதற்கு உறுதியில்லை, வாடகை கொடுப்பதற்கு வருவாயில்லை. வெளியே சென்றால் வேலையும் போய்விடும். மழை ஓய்ந்ததும் குடும்பம் அதே காம்பராவுக்குத் திரும்புகிறது. அறியாமையால் அன்று, போக்கிடம் இன்மையால்.

ஆகவே, இக்குடும்பத்தை வீடற்றதாக்கியது மண்சரிவு மாத்திரம் அன்று. மண் சரிவதற்கு முன்னரே அது வீடற்ற குடும்பந்தான்; மழை அதனை உலகறியச் செய்தது.

உயிர் தப்பியோர் முதலிற் பள்ளிக்கூடங்களிலும், பின்னர்ப் பூனாகலைப் பகுதியில் இயங்காதிருந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கினர். சீலையும் பலகையுமே குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் இடையிலான சுவர். மக்கல்தெனியத் தோட்டத்தில் அவர்களுக்கென 75 வீடுகள் எழுந்து கையளிக்கப்பட்டது 2016ஆம் ஆண்டில். அதாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளின் பின்னர்.

வீடு கட்டுவதற்குச் செங்கல்லைவிட நிலமே முதலில் வேண்டும். பாதிப்புற்றோர் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் பதிவு பெறுதல் வேண்டும். மாற்றிடம் தகுதியானதென்று கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அறிக்கை தரவேண்டும். அவ்விடத்தைத் தோட்ட நிர்வாகம் விடுவிக்கவேண்டும். இவற்றுள் ஒன்று தடைப்படினும் குடும்பம் முகாமிலேயே காலங் கழிக்கும்.

நம்பிக்கைக்கு இடமில்லாமலும் இல்லை. தோட்டக் குடியிருப்புகளுக்கும் பிரதேச சபைகள் பணி செய்வதற்கு 2018ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் வழி வகுத்தது. அதே ஆண்டில் மலையகப் புதிய கிராமங்களுக்கென ஓர் அதிகார சபையும் சட்டத்தால் அமைக்கப்பட்டது. இந்திய அரசின் உதவியுடன் மத்திய, ஊவா மாகாணங்களில் முதலில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் நடந்தது. மேலும் 10,000 வீடுகள் 2017ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டன. குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ், அதாவது ஏறத்தாழ 1,900 சதுர அடி நிலம் என்பது பொதுவான அளவாயிற்று. இருநூறு ஆண்டு உழைப்புக்கு இது பெரிதன்று. எனினும், வேலை போனாலும் போகாத ஒரு வாசற்படி அதிலே உண்டு.

காலமோ காத்திருப்பதில்லை. 2023 மார்ச்சில் பூனாகலையின் கபரகலைத் தோட்டத்தில் மீண்டும் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய திட்வா புயலால் பதுளை மாவட்டத்தின் பல மலைகள் குலைந்தன. ஒவ்வொரு முறையும் உணவும் உடையும் விரைந்து வந்தன. நிலம் மாத்திரம் தாமதித்தே வந்தது. இம்முறைமை தலைகீழாதல் வேண்டும். எச்சரிக்கைக் கடிதத்துடன் மாற்று நிலத்தின் வரைபடமும் சேர்ந்து வருமாயின், எந்தத் தாயும் சரியும் மலையின் கீழே பிள்ளையைத் தூங்கவைக்கமாட்டாள்.

அதுவரை, தோட்டத்துப் படித்த இளைஞர்க்கும் ஒரு கடமை உண்டு. தமிழில் விண்ணப்பிக்கவும் தமிழிலேயே மறுமொழி பெறவும் அரசியலமைப்பு உரிமையளித்துள்ளது. சுவரில் புதிய வெடிப்புத் தோன்றினாலோ, மலையிலே புதிதாக நீர் ஊறினாலோ, அதனைத் தேதியிட்டு எழுதிக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்து, பிரதியொன்றைப் பெற்றுக்கொள்ள எழுத்தறியாத முதியோர்க்கு உதவுங்கள். வீடு கிடைத்தவர்கள் உறுதிப் பத்திரம் கைக்கு வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கட்டும். அதில் கணவன், மனைவி இருவர் பெயரும் இடம்பெற வற்புறுத்தட்டும்.