நோவு சொல்லாத புண்



யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அந்த அம்மையாரை மட்டக்குளிப் பக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. எல்லோருக்கும் அவர் மிஸ்ஸிதான். டிஸ்பென்சரியின் பின்னறையில் இருந்து புண்ணுக்கு மருந்து கட்டியவர். நான் புதிதாக டொக்டராகி அங்கே போன நாட்களில் ஒருநாள், முகத்துவாரத்தில் வலை இழுக்கும் ஒருவர் வந்தார். பெருவிரலுக்குக் கீழே ரூபாய்க் குற்றி அளவில் ஒரு பள்ளம். "நோவே இல்ல மிஸ்ஸி, செருப்புத்தான் ஈரமா இருந்திச்சி" என்றார். எனக்கு அது நல்ல சேதியாகப் பட்டது. மிஸ்ஸியின் முகம் வாடிவிட்டது. ஊர்ப் பையன் என்பதால் அவர் என்னை டொக்டர் என்று கூப்பிட்டதில்லை. "நோகாத புண்தான் தம்பி லேசில ஆறாது" என்றார்.

ஏன் ஆறாது? அதற்கு முன், ஆறுகிற புண் எப்படி ஆறுகிறது என்று பார்ப்போம்.

மீன் வெட்டும்போது விரலில் கத்தி படுகிறது. குருதிச் சிறுதட்டுக்கள் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி அடைக்கின்றன. அவற்றின் வேலை அதோடு முடிகிறது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் ரசல் ரோஸ் குழுவினர் 1974இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உறைந்த குருதியிலிருந்து பிரிந்த நீரை ஊற்றினால் வளர்ப்புத் தட்டில் இருந்த கலங்கள் பெருகின. உறையவிடாமல் பிரித்த நீரை ஊற்றினால் பெரும்பாலும் சும்மா கிடந்தன. வித்தியாசம் சிறுதட்டுக்களில்தான் இருந்தது. உறையும்போது அவை தம் உள்ளே பொதி கட்டி வைத்திருந்த ஒரு புரதத்தை அவிழ்த்து விடுகின்றன. 'புண் இங்கே, வந்து பெருகுங்கள்' என்று அக்கம்பக்கத்துக் கலங்களுக்கு அது சொல்கிறது. அதைத் தட்டுவழி வளர்ச்சிக் காரணி என்கிறோம்.

இப்படிப்பட்ட சமிக்ஞை மூலக்கூறுகள் பல உண்டு. முதலில் வெள்ளைக் கலங்கள் வந்து கிருமியைத் தின்கின்றன. பின்னால் வரும் பெருந்தின்கலங்கள் குப்பையை அள்ளி முடித்ததும் குரலை மாற்றுகின்றன: 'கொலாஜன் நெய்யுங்கள், புதுக் குழாய் ஓட்டுங்கள்.' ஓரத்துத் தோற்கலங்கள் நகர்ந்துவந்து மூடுவதற்கும் ஒரு காரணி உண்டு. ஸ்டான்லி கோஹன் அதைக் கண்டெடுத்தது எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில். 1986இல் ரீட்டா லெவி மொண்டால்சினியோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதைக் கேட்டுவிட்டு யாரும் புண்ணில் எச்சில் தடவ வேண்டாம். வாயில் கிருமியும் இருக்கிறது.

நரம்பு நுனிகளும் இந்தப் பேச்சில் சேர்ந்தவை. அவை விடும் சிறு புரதங்கள் குருதிக் குழாய்களையும் கலங்களையும் தட்டி எழுப்புகின்றன. சீனி வருத்தம் முற்றி நரம்பு செத்த காலில் அந்தக் குரல் தேய்ந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய கேடு, நோவு தெரியாததால் மனிதன் புண்ணின் மேலேயே நடப்பது. இரவில் நெய்த இழை காலையில் நசுங்குகிறது. உடம்புக்கு அது புதுக்காயம். மறுபடி வெள்ளைக் கலங்கள் திரண்டு வருகின்றன, அவை கக்கும் நொதியங்கள் வளர்ச்சிக் காரணிகளையே அரித்துத் தின்றுவிடுகின்றன. கட்டு என்ற உத்தரவு கொத்தனாரிடம் போய்ச் சேரும் முன்னரே கிழிந்துவிடுகிறது. மிஸ்ஸி சொன்னதற்கு இதுதான் விளக்கம்.

அப்படியானால் அந்தத் தட்டுவழி வளர்ச்சிக் காரணியைக் குழாயில் அடைத்துப் பூசினால் என்ன? பூசினார்கள். பெகாப்ளெர்மின் என்ற களிம்பை அமெரிக்கா 1997இல் அங்கீகரித்தது. முக்கியமான ஆய்வொன்றில் 20 கிழமைகளில் களிம்பு பூசியவர்களில் நூற்றுக்கு 50 பேருக்குப் புண் முழுதாக மூடியது. வெறும் களிம்பு பூசியவர்களில் 35 பேருக்கு. இரு சாராருக்கும் புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்து, காலில் பாரம் ஏறாமலும் பார்த்துக்கொண்டார்கள். விலையையும் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பதினைந்து பேரைக் கண்டு எனக்குப் பெரிய பிரமிப்பு வரவில்லை.

என் பிரமிப்பு வேறொருவர் மேல். களனி கங்கையைத் தாண்டினால் ஹெந்தளை. ஒல்லாந்தர் 1708இல் அமைத்த தொழுநோய் ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. தொழுநோயும் நரம்பைத்தான் கொல்கிறது. அந்தக் கால்களிலும் அதே பள்ளம். 1930களில் இந்தத் தீவில் அப்படிப்பட்ட கால்களுக்கு, பாதத்தோடும் கணைக்காலோடும் ஒட்டினாற்போல் மாவுக்கட்டுப் போட்டு நடக்கவிட்டவர் மில்ரோய் போல். கொழும்பு மருத்துவ பீடத்தின் சத்திரசிகிச்சைப் பேராசிரியர், தந்தையும் கத்தி பிடித்தவரே. பாரம் ஒரே இடத்தில் குத்தாமல் கால் முழுக்கப் பரவியது, புண் மூடியது. நான் சொன்ன காரணி எதுவும் அன்று கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை. அவர் செய்தது, கலங்கள் தம் பேச்சைப் பேசி முடிக்க அமைதி கொடுத்தது. வேலூரில் தொழுநோயாளருக்குக் கைகால் திருத்திய போல் பிராண்ட் இந்த முறையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். உள்ளங்காலில் வரும் நீரிழிவுப் புண்ணுக்கு இன்றும் முதல் தெரிவுகளில் ஒன்று அந்தக் கட்டு.

நம்மவர்கள் களிம்பு கேட்பார்கள், கட்டு என்றால் மறுப்பார்கள். குறை சொல்லவும் மனம் வராது. ஆட்டோ ஓட்டுபவரும் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரும் காலில் மாவுக்கட்டோடு எப்படிப் பிழைப்பது?

வலைக்காரருக்கும் அதே பிரச்சினைதான். மிஸ்ஸி அவருடைய செருப்பைப் பிடுங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். கக்கத்துத் தடி இரண்டைக் கொடுத்தார். சம்மாட்டியாரிடம் தானே போய், கரையில் உட்கார்ந்து வலை பொத்தும் வேலை வாங்கிக் கொடுத்தார். புண் மூட ஒன்பது கிழமை எடுத்தது. செருப்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வேறு வாங்கச் சொன்னார்.

மண்டப வாசலில் இரண்டு தாதிமார் ஒரு நைலோன் இழையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். 10 கிராம் விசையில் வளையும் இழை. கண்ணை மூடிக்கொண்டு, அது உள்ளங்காலில் படுவது தெரிகிறதா என்று சொன்னால் போதும். சீனி வருத்தம் உள்ளவர்கள் தேநீருக்குப் போகுமுன் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டிவிட்டுப் போங்கள்.