வண்டி மாறினால் பிரேக்கும் மாறும்



முதலில் ஒரு பால்காரர் கதை. இது இந்தியாவில் எந்த ஊரிலும் நடக்கக் கூடியதுதான்.

அவரிடம் கியர் இல்லாத ஸ்கூட்டர் இருந்தது. பத்து வருடமாக அதில்தான் பால் கொண்டு போனார். ஒரு நாள் காலை ஸ்கூட்டர் பஞ்சர். "மச்சான், உன் வண்டியைக் கொஞ்சம் கொடு" என்று மைத்துனரின் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு கிளம்பினார். கியர் வண்டி அவருக்குப் புதிதல்ல. இளவயதில் ஓட்டியவர்தான்.

வழியில் ஓர் ஆடு குறுக்கே ஓடியது. பால்காரர் சட்டென்று இடது கைப் பிடியை இறுக்கினார். ஸ்கூட்டரில் அதுதான் பின் பிரேக். அவர் தினமும் பிடிப்பது அதை மட்டும்தான். ஆனால் மோட்டார் சைக்கிளில் அது கிளட்ச். கிளட்சைப் பிடித்தால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு விட்டுப் போகும். வண்டி நிற்காது. உருண்டுகொண்டே போகும்.

ஆடு தப்பியது. பால்காரர் விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அத்தனை நாளும் மனைவி தனியாகப் பால் கறந்தார். வாடிக்கைக்காரர்கள் சிலர் வேறு இடம் போய்விட்டார்கள்.

அவர் வேகமாகப் போகவில்லை. குடிக்கவும் இல்லை. பின் ஏன் விழுந்தார்?

கைக்கும் காலுக்கும் பழக்கம் உண்டு. ஆபத்து வரும்போது யோசிக்க நேரம் இல்லை. பழகிய கைதான் முதலில் ஓடும். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு நொடியில் ஏறக்குறைய 36 அடி ஓடிவிடும். ஒரு நொடி தடுமாறினால் 36 அடி போச்சு.

சரி, எந்த வண்டியில் எது எங்கே இருக்கிறது?

கியர் இல்லாத ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையில்தான். வலது கை முன் பிரேக். இடது கை பின் பிரேக்.

இன்றைய மோட்டார் சைக்கிளில் வலது கை முன் பிரேக். வலது கால் பின் பிரேக். இடது கை கிளட்ச். இடது கால் கியர்.

பழைய புல்லட்டில் இது தலைகீழ். கியர் வலது காலில். பிரேக் இடது காலில்.

பழைய கியர் ஸ்கூட்டரில் கிளட்சும் கியரும் இடது கையில். பின் பிரேக் வலது காலில்.

மோட்டார் சைக்கிள் ஓட்டும் அண்ணன், தங்கையின் ஸ்கூட்டரை எடுத்தால் என்ன ஆகும்? வலது கால் வெறும் பலகையை மிதிக்கும். கிளட்ச் என்று நினைத்து இடது கையை இறுக்குவார். வண்டி குலுங்கி நிற்கும்.

இடம் ஒன்றாக இருந்தாலும் பிடி ஒன்றாக இருக்காது. டிரம் பிரேக்கைப் பலமாகப் பிடித்துப் பழகிய கை, டிஸ்க் பிரேக்கிலும் அப்படியே பிடிக்கும். டிஸ்க் பிரேக் கொஞ்சம் தொட்டாலே கவ்வும். அதனால் படிப்படியாக அழுத்த வேண்டும்.

முன் பிரேக்கைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் சாயும். அப்போது முன் சக்கரம் சாலையை நன்றாகப் பற்றும். அதனால் வண்டியை நிறுத்தும் பலம் முன் பிரேக்கில்தான் அதிகம். நேராகப் போகும்போது இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். மணலிலும் ஈரத்திலும் வளைவிலும் மெதுவாகப் பிடியுங்கள்.

2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் புதிய வண்டிகளில், 125 சிசிக்கு மேல் இருந்தால் ஏபிஎஸ் கட்டாயம். திடீர்ப் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஏபிஎஸ் காக்கும். அது வேலை செய்யும்போது பிரேக் பிடி துடிப்பது போல் இருக்கும். பயந்து விட்டுவிடாதீர்கள். அழுத்தியபடியே இருங்கள். சில வண்டிகளில் முன் சக்கரத்துக்கு மட்டுமே ஏபிஎஸ் உண்டு. அவற்றில் பின் சக்கரம் வழுக்கலாம். வண்டி கொடுப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கியர் உள்ள வண்டி, கியர் இல்லாத வண்டி என்று ஓட்டுநர் உரிமத்திலேயே தனித்தனியாகப் பிரித்திருக்கிறார்கள். இரண்டுக்கும் பழக்கம் வேறு என்பதே காரணம்.

அடுத்தவர் வண்டியை எடுக்கும் முன் இவற்றைச் செய்யுங்கள்.

எஞ்சினைப் போடாமல் வண்டியைத் தள்ளுங்கள். ஒவ்வொரு பிரேக்காகப் பிடித்துப் பாருங்கள்.

எந்தக் கை, எந்தக் கால் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஆள் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டுங்கள். நான்கைந்து முறை நிறுத்திப் பழகுங்கள்.

முதல் சில கிலோமீட்டர் வேகத்தைக் குறையுங்கள். முன்னால் போகும் வண்டிக்கு அதிக இடம் விடுங்கள்.

ஹெல்மெட்டை மாட்டிப் பட்டையைப் பூட்டுங்கள்.

பால்காரர் இன்று குணமாகிவிட்டார். இப்போதும் அவ்வப்போது மைத்துனர் வண்டியை வாங்குகிறார். ஆனால் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போகிறார். பார்ப்பவர்கள், "என்னண்ணே, பெட்ரோல் இல்லையா?" என்று கேலி செய்கிறார்கள். "பெட்ரோல் இருக்கு தம்பி. பிரேக் எங்கேன்னு கைக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்கிறார் அவர்.

வண்டியைக் கடன் வாங்கலாம். உயிரைக் கடன் வாங்க முடியாது.