குருதிப் புரதத்தின் பருவமாற்றம்

மனிதவுடலின் கலங்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே பரம்பரையலகுத் தொகுதிதான் பொதிந்துள்ளது. எனினும் கண்ணின் கலம் வேறு. ஈரலின் கலம் வேறு. எந்தப் புரதத்தை, எப்பொழுது, எவ்வளவு ஆக்குவது என்பதிலேயே இவ்வேறுபாடு தங்கியுள்ளது. ஒரே வகைக் கலத்திலுங்கூட இவ்வாக்கம் பருவத்துக்கேற்ப மாறுவதுண்டு. குருதிக்குச் செந்நிறமளிக்கும் ஈமோகுளோபின் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

கருப்பையிலுள்ள சிசு தாயின் குருதியிலிருந்தே ஒட்சிசனைப் பெறல் வேண்டும். ஆகவே சிசுவின் ஈமோகுளோபின், தாயினதைவிட ஒட்சிசனை இறுகப் பற்றும் இயல்புடையது. அல்பாச் சங்கிலிகள் இரண்டும் காமாச் சங்கிலிகள் இரண்டும் சேர்ந்து அமைந்தது அது. பிறந்த சில மாதங்களுள் காமா குறைய, பீற்றாச் சங்கிலி அதன் இடத்தைப் பெறுகின்றது. காமாவுக்குரிய பரம்பரையலகோ அழிந்துபோவதில்லை, அடங்கி உறங்குகின்றது.

அவ்வுறக்கத்தைக் கலைத்தல் இயலுமா? இவ்வினாவில் பலருடைய உயிர் தங்கியிருந்தது. பீற்றாச் சங்கிலியில் ஒரேயோர் அமினோ அமிலம் மாறியமைவதால், செங்குழியங்கள் அரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களை அடைக்கும் நோயொன்றுண்டு. தாங்கொணா வேதனை தரும் அந்நோய், பிறந்த குழந்தைகளிடம் தலைகாட்டுவதில்லை. சிசுப்பருவ ஈமோகுளோபினே அவர்களைக் காக்கின்றதென 1948இல் நியூயோர்க்கில் ஜனற் வாட்சன் என்னும் மருத்துவர் கருத்துத் தெரிவித்தார். மறுவருடம் இலைனஸ் போலிங்கும் அவர் குழுவினரும், நோயாளரின் ஈமோகுளோபின் மின்புலத்தில் வேறுவிதமாய் நகர்வதைக் காட்டினர்.

காமாவை அடக்கிவைக்கும் காவலனும் ஒரு புரதமே. பி.சி.எல். 11ஏ எனப்படும் அப்புரதத்தின் தொழிலைப் பொஸ்ரன் நகர ஆய்வாளர் 2008இல் வெளிப்படுத்தினர். நோயாளரின் என்புமச்சைக்குரிய மூலக்கலங்களை வெளியே எடுத்து, அவற்றில் இக்காவலனின் ஆக்கத்தைக் குறைத்து, மீண்டும் உடலிற் செலுத்தும் சிகிச்சை பின்னர் உருவாயிற்று. 2023இல் பிரித்தானியாவும் அமெரிக்காவும் அதனை அங்கீகரித்தன. உறங்கிய காமா விழித்தெழ, சிகிச்சை பெற்றோருட் பெரும்பாலோர் கடும் வேதனையினின்றும் விடுபட்டனர்.

ஆயினும் அமெரிக்காவில் இச்சிகிச்சைக்கு அறிவிக்கப்பட்ட விலை 22 இலட்சம் டொலர். நோயாளரிற் பெரும்பாலோர் பிறப்பதோ ஆபிரிக்காவின் வறிய நாடுகளில். புரதத்தின் உறக்கத்தைக் கலைக்க அறிவியல் கற்றுக்கொண்டது. அப்பயனை ஏழைக் குழந்தையிடம் கொண்டுசேர்த்தல் அரசுகளுக்கும் மனச்சாட்சிக்கும் உரிய பணியாகும்.