கம்பளி நெசவும் ஐக்கிய சங்கமும்

(தர்மபுரி ஜில்லா சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



மழைக்காலத்தில் ஆடு மேய்ப்பவன் தலையில் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்ட கறுப்புக் கம்பளியே இரவில் அவனுக்குப் பாயும் போர்வையுமாக இருந்து வந்தது. விருந்தினர் வந்தால் திண்ணையில் விரிக்கப்பட்டதும் அதுவே. அதை நெய்வது குறும்பர்களின் பரம்பரைத் தொழில்.

இதற்கு மயிர் கொடுக்கும் ஆடு அயல் தேசத்து ஆடன்று. திருச்சிக் கருங்குறும்பை என்னும் இனம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கங்களுக்கும், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களுக்கும் உரியது. அதன் மயிர் மிகவும் முரடு. சட்டைத் துணிக்கு உதவாது. கம்பளிக்கும் விரிப்புக்கும் அந்த முரடே வேண்டும். இயற்கையிலேயே கறுப்பாதலால் சாயச் செலவும் இல்லை. மயிரைக் கத்தரித்து, சுத்தம் செய்து, வில்லால் அடித்து, கையால் நூற்று, பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி ஏற்றி நெய்வது வழக்கம்.

இத்தனை உழைப்பின் பலனும் எங்கே போகிறது? தறியில் நஷ்டம் உண்டாவதில்லை. கையில் முதல் இல்லாத நெசவாளி மயிரைக் கடனுக்கு வாங்குகிறான். கடன் கொடுத்தவரிடமே, அவர் சொன்ன விலைக்கே, கம்பளியையும் விற்கிறான். வாங்கும்போதும் விற்கும்போதும் ஒருவரே தராசைப் பிடித்தால் நடுவில் நிற்பவனுக்கு என்ன மிஞ்சும்? பானிப்பத்தில் பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து நூலாக்கி நெய்யும் மலிவுப் போர்வைகளும் சந்தைக்கு வருகின்றன. அவற்றோடு விலையில் போட்டியிடுவது வீண். கறுப்புக் கம்பளி அதன் கனத்துக்காகவும், நீடித்து உழைப்பதற்காகவும் விலைபோக வேண்டிய சரக்கு.

கனடாவைச் சேர்ந்த நியூபவுண்ட்லாந்தில் மீனவரின் மனைவிமார்கள், குளிர்காலத்தில் கோணித்துணியில் கந்தைகளைக் கொக்கியால் இழுத்துக் கோத்து வீட்டுக்கு விரிப்புகள் செய்துவந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் டாக்டர் கிரென்பெல் என்பவரின் மிஷன் அவர்களுக்குத் துணியும் மாதிரியும் கொடுத்து, முடிந்த விரிப்புகளைத் தூரதேசங்களில் விற்றது. வீட்டுப் பண்டம் வருமானமாயிற்று. ஆயினும் அது தர்ம ஸ்தாபனம். விரிப்புச் செய்த பெண்களுக்குச் சொந்தமானதன்று.

ஐக்கிய சங்கமோ அங்கத்தினர்களுக்கே சொந்தம். 1904ஆம் வருஷத்துச் சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடங்கொடுத்தது. 1912ஆம் வருஷத்துச் சட்டம் கொள்முதல், உற்பத்தி, விக்கிரயம் ஆகியவற்றுக்கான சங்கங்களுக்கும் வழிதிறந்தது. 1935இல் சென்னையில் மாகாணக் கைத்தறி நெசவாளர் சங்கம் ஏற்பட்டது. இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று வழங்குவது அதுவே. பருத்தித் தறிக்கு அத்தகைய ஸ்தாபனம் செய்த உதவியைக் கம்பளித் தறிக்குச் செய்யவேண்டுமானால், உள்ளூர்ச் சங்கம் முதலில் மயிரை ரொக்கத்துக்கு வாங்கி இருப்பு வைத்து, அங்கத்தினர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும்.

அதில் ஒரு ஜாக்கிரதை அவசியம். கழுவாத மயிரில் மண்ணும் முள்ளும் சேர்ந்து எடை காட்டும். ஆட்டைக் குளிப்பாட்டி உலரவிட்டுக் கத்தரித்த மயிருக்கு ஒரு விலை, அப்படிச் செய்யாததற்கு ஒரு விலை என்று சங்கத்தின் பலகையில் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். எடை போடும் சமயத்தில் ஆடு வளர்ப்பவரும் நெசவாளியும் கூடவே இருக்கட்டும்.