லூசியா ஹாரிஸ் அம்மையார்
(நமது சங்க மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



"பெண்ணுக்கு விளையாட்டு எதற்கு? அது சோறு போடுமா?" என்று நம் வீடுகளில் பெற்றோர் கேட்கிறார்கள். அக்கேள்வியில் நியாயமில்லாமலில்லை. ஆகையால் அமெரிக்காவில் மிஸிஸிப்பி மாகாணத்திலே, 1955-ம் வருஷம் பிறந்த ஒரு கறுப்பின மாதரசியின் சரித்திரத்தைச் சொல்லத் துணிந்தோம்.

வாரக்குடியானவர் வீட்டில் 11 குழந்தைகளுள் 10-வதாகப் பிறந்தவர் லூசியா ஹாரிஸ். உயரம் 6 அடி 3 அங்குலம். டெல்ட்டா ஸ்டேட் கலாசாலைக்கு 1975, 1976, 1977 ஆகிய மூன்று வருஷங்களிலும் தேசிய வெற்றி தேடித் தந்தார். 1976-ல் மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் மாதர் கூடைப்பந்து புதிதாகச் சேர்க்கப்பட்டது. அதில் முதன்முதல் பந்தைக் கூடையிலிட்டவரும் இவரே.

அப்பால் என்ன? ஆடவருக்குச் சம்பளங்கொடுக்கும் கழகங்கள் பல. பெண்களுக்கோ அப்போது அந்நாட்டில் ஒன்றேனுமில்லை. 1977-ல் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் என்னும் ஆடவர் கழகம் இவரைத் தேர்ந்தெடுத்தது. விளம்பரத்துக்கான தந்திரமோ என்று இவர் ஐயுற்றார், கர்ப்பவதியாயுமிருந்தார், மறுத்துவிட்டார். நாமாயினும் அவ்வாறே செய்திருப்போம். பின்னர் ஏற்பட்ட மாதர் தொழிற்சங்கத்தில், ஹூஸ்டன் ஏஞ்சல்ஸ் கழகத்துக்காக 1979-80-ல் ஒரு பருவமே ஆடினார். அச்சங்கமும் 1981-ல் கலைந்தது. பள்ளிக்கூட உபாத்தியாயினியாக ஜீவனம் நடத்தினார். 1992-ல் நைஸ்மித் கீர்த்தி மண்டபத்தில் இடமளித்துக் கௌரவித்தார்கள். டபிள்யூ.என்.பி.ஏ. என்னும் மாதர் சங்கம் 1997-ல் ஆட்டந் தொடங்கியபோது இவருக்கு வயது 42. 2022-ல் காலஞ்சென்றார்.

திறமையில் இவருக்கு என்ன குறை? ஜீவனத்துக்கு வழி வகுத்து வைத்த பெரியோர்தாம் இல்லை. நமது கல்வி உபகார நிதியில் பெண்பிள்ளைகளின் விளையாட்டுக்கும் ஒரு பங்கு ஒதுக்கும்படி காரியக் கமிட்டியாரை வேண்டுகிறோம்.